பழைய மருந்துக்குப் புதிய வழி: காசநோயும் நானோ துகள்களும்

காசநோய்க் கிருமியின் நீளம் 2 முதல் 4 மைக்ரோமீட்டர். பருமன் அரை மைக்ரோமீட்டருக்கும் குறைவு. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் இந்தக் கிருமியைத் தாம் கண்டறிந்ததை அறிவித்தார். இன்று மருத்துவத்தில் பயன்படும் நானோ துகள்கள் அதைவிடவும் மிகச் சிறியவை. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். 100 நானோமீட்டர் அளவுள்ள துகள்களை வரிசையாக அடுக்கினால் ஒரு காசநோய்க் கிருமியின் நீளத்துக்குள் 20 முதல் 40 வரை அடங்கிவிடும். இந்த அளவுக்குச் சிறுக்கும்போது பொருளின் குணமே மாறுகிறது. மஞ்சள் தங்கம் சிவப்பாகத் தெரிகிறது. இரும்பு ஆக்சைடு, பக்கத்தில் காந்தம் இருக்கும்வரை மட்டும் காந்தமாகி, அதை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. தண்ணீரில் கரைய மறுக்கும் மருந்து விரைவாகக் கரைகிறது. காசநோயைக் கண்டறியவும் குணப்படுத்தவும் இந்த மாற்றங்களைத்தான் ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

காசநோய்க்கு மருந்து இல்லாமல் இல்லை. முறையாக மருந்து சாப்பிட்டால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். அப்படியிருந்தும் 2023ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்கு இந்நோய் வந்ததாகவும், 12.5 லட்சம் பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நோயுற்றவர்களில் நான்கில் ஒருவருக்கும் சற்றுக் கூடுதலானோர் இந்தியர்கள். மருந்து கையில் இருந்தும் இத்தனை உயிர்கள் போவதற்கு இரண்டு தாமதங்கள் முக்கியக் காரணம். நோய் இன்னதென்று தெரிவதற்கு நாளாகிறது. தெரிந்த பிறகு குணமாவதற்கு மாதக்கணக்காகிறது. இரண்டுக்குமே வேர் கிருமியின் இயல்பில் இருக்கிறது.

வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியா சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிவதற்கு ஏறத்தாழ ஒரு முழு நாள் எடுத்துக்கொள்ளும். அதன் மேலுறையில் மைக்காலிக் அமிலம் என்ற மெழுகுத் தன்மையுள்ள கொழுப்பு தடிமனாகப் படிந்திருப்பதால் பல மருந்துகள் உள்ளே நுழைவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம் அது குடியிருக்கும் இடம். மூச்சுக்காற்றோடு நுரையீரலின் காற்றுப்பைக்குள் வரும் அந்நியத் துகள் எதுவானாலும் அதை விழுங்கிச் செரிப்பதற்கு மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் அங்கே காவல் இருக்கின்றன. அவை காசநோய்க் கிருமியையும் விழுங்குகின்றன. விழுங்கியதை ஒரு பைக்குள் அடைத்து, அந்தப் பையை அமிலமும் நொதிகளும் நிறைந்த லைசோசோமோடு சேர்த்து அழிப்பது வழக்கம். காசநோய்க் கிருமி அந்தச் சேர்க்கையைத் தடுத்துவிடுகிறது. திருடன் காவல் நிலையத்திலேயே குடியேறிவிட்ட கதையாக, தன்னைக் கொல்ல வந்த செல்லுக்குள்ளேயே அது பெருகுகிறது. உடல் அந்த இடத்தைச் சுற்றி மேலும் மேலும் வெள்ளணுக்களை அனுப்பி ஒரு முடிச்சாகக் கட்டிவிடுகிறது. கிரானுலோமா எனப்படும் அந்த முடிச்சின் நடுவில் இரத்த ஓட்டம் இருக்காது. வாய்வழியே சாப்பிட்ட மாத்திரை இரைப்பை, குடல், கல்லீரல், இரத்தம் என்று சுற்றிவந்து, முடிச்சுக்குள் புகுந்து, செல்லுக்குள் நுழைந்து, பையைத் துளைத்து, மெழுகுச் சுவரைக் கடந்தால்தான் கிருமியைத் தொட முடியும்.

நோயறிதலின் நிலை இதைவிட மேல் என்று சொல்வதற்கில்லை. நூறாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருப்பது சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கும் முறை. ஒரு மில்லிலிட்டர் சளியில் குறைந்தது 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அதில் தென்படும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை துல்லியமானது. ஆனால் அது முடிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2010இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியும், கோவாவில் உருவாகி 2020இல் அதே நிறுவனத்தின் ஏற்பைப் பெற்ற ட்ரூநாட் கருவியும் கிருமியின் மரபணுவைப் பெருக்கிக்காட்டி இந்தக் காத்திருப்பைச் சில மணி நேரமாகச் சுருக்கின. ட்ரூநாட் பேட்டரியிலும் ஓடும் என்பதால் ஆரம்ப சுகாதார நிலையம்வரை போக முடிகிறது. இவை பெரிய முன்னேற்றங்கள். ஆனாலும் கருவிக்கும் அதற்கான கார்ட்ரிட்ஜ், சிப் போன்றவற்றுக்கும் தொடர்ந்து செலவாகிறது. சளியைக் காறித் துப்பத் தெரியாத குழந்தைகளுக்கும், சளியில் கிருமி குறைவாக வரும் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் சளியை மட்டும் நம்பிய சோதனை போதாது. நானோ துகள்கள் முதலில் நுழைந்தது இந்த இடைவெளியில்தான்.

தங்கத் துகளின் நிறமாற்றம் அதற்கு அழகான எடுத்துக்காட்டு. 13 முதல் 20 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் தண்ணீரில் தனித்தனியாக மிதக்கும்போது கரைசல் திராட்சை ரச நிறத்தில் சிவந்திருக்கும். உப்புக் கரைசலைச் சேர்த்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சிவப்பு நீலமாகிவிடும். துகளின் மேற்பரப்பில் உள்ள எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அசையும் விதம், பக்கத்துத் துகளின் நெருக்கத்தால் மாறுவதே இதற்குக் காரணம். போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் காசநோய்க்குப் பயன்படுத்தினார்கள். காசநோய்க் கிருமியின் மரபணுவோடு மட்டுமே பொருந்தக்கூடிய சிறு டி.என்.ஏ. இழைகளைத் தங்கத் துகள்மேல் ஒட்டினார்கள். நோயாளியின் மாதிரியிலிருந்து எடுத்துப் பெருக்கிய டி.என்.ஏ.வை அதோடு கலந்து, பிறகு உப்பைச் சேர்த்தார்கள். கிருமியின் மரபணு இருந்தால் அது இழையோடு பிணைந்து துகளைக் காத்துவிடும். கரைசல் சிவப்பாகவே நிற்கும். இல்லாவிட்டால் துகள்கள் திரண்டு நீலமாகும். முடிவைப் படிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணால் பார்த்தாலே போதும்.

இன்னொரு வழி, இருக்கும் நுண்ணோக்கியின் பார்வையையே கூர்மையாக்குவது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எவாஞ்சலின் அலோசில்ஜாவின் குழு, சர்க்கரை வகைப் பொருள் பூசிய இரும்பு ஆக்சைடு நானோ துகள்களைத் தயாரித்தது. அந்தப் பூச்சு கிருமியின் மேலுறையில் ஒட்டிக்கொள்ளும். சளியை இளக்கி, துகளைக் கலந்து, குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் கிருமிகளைச் சுமந்த துகள்கள் அந்தப் பக்கமாக வந்து படியும். மேலே தெளிந்து நிற்கும் நீரை ஊற்றிவிட்டு, படிந்ததை மட்டும் தகட்டில் தடவிச் சாயமேற்றினால், சளி முழுதும் சிதறிக்கிடந்த கிருமிகள் பழுப்புத் துகள்களோடு சிவப்புத் திட்டுகளாகச் சேர்ந்து தெரியும். நேபாளத்தில் இந்த முறை களத்தில் சோதிக்கப்பட்டது. மின்சாரமும் நிபுணரும் அரிதான இடத்தில், ஏற்கெனவே பழகிய லேப் டெக்னீசியனே செய்யக்கூடியது என்பதுதான் இதன் பலம். பாஸ்டனில் ரால்ஃப் வைஸ்லெடரின் குழு காந்தத் துகளை வேறு விதமாகக் கையாண்டது. துகள் பிணைந்த மாதிரியைக் கையளவு காந்த ஒத்ததிர்வுக் கருவியில் வைத்து, எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் தத்துவத்திலேயே கிருமியைக் கண்டறிந்தது. நுட்பம் வியக்க வைப்பதுதான். ஆனால் எளிய மருத்துவமனைக்கு நேபாள வழியே நெருக்கமானது.

ஆய்வகத்தைத் தாண்டி நோயாளியின் படுக்கைவரை ஏற்கெனவே வந்துவிட்ட நானோ சோதனையும் உண்டு. காசநோய்க் கிருமியின் சுவரில் லாம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு சர்க்கரைக்கொழுப்பு இருக்கிறது. அது சிறுநீரில் வெளியேறும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போன்ற ஒரு பட்டையில் சிறுநீர் விட்டால் 25 நிமிடத்தில் கோடு தெரியும். அந்தக் கோடு, எதிர்ப்பொருள் பூசிய தங்க நானோ துகள்கள் ஓரிடத்தில் சேர்வதால் உண்டாவது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. சளியே வராத, எழுந்து நடக்க முடியாத நோயாளிக்கு இது உயிர் காக்கும் சோதனை. குறை என்னவென்றால், நோய் உள்ளவர்களில் பாதிப் பேரைக்கூட இது காட்டுவதில்லை. ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் இதற்குத் தன் பழைய தொழிலிலிருந்தே விடை கண்டது. புகைப்படச் சுருளைக் கழுவும்போது வெள்ளித் துகள்கள் வளர்ந்து படம் தோன்றுவதைப் போலவே, பட்டையில் ஒட்டிய தங்கத் துகளைச் சுற்றி வெள்ளியை வளரவைத்து, மங்கலான கோட்டைத் தெளிவாக்கியது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட எச்.ஐ.வி. நோயாளிகளில் பழைய பட்டை காசநோயாளிகளில் 42 சதவீதத்தினரைக் கண்டறிந்த இடத்தில் இது 70 சதவீதத்தினரைக் கண்டறிந்தது. பின்னர் நடந்த ஆய்வுகளில் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி முடிவு மாறுபட்டதும் தெரியவந்தது. ஒன்றிரண்டு பட்டைகளை நன்றாகச் செய்வதும், லட்சக்கணக்கில் ஒரே தரத்தில் செய்வதும் வேறு வேறு வேலைகள்.

சிகிச்சையின் பக்கம் திரும்பினால் பிரச்சினை மருந்தின் வீரியத்தில் இல்லை. அது போய்ச் சேர்வதிலும் தங்குவதிலும் இருக்கிறது. வழக்கமான காசநோய்க்கு முதல் 2 மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புடால் ஆகிய நான்கையும், அடுத்த 4 மாதம் அவற்றில் சிலவற்றையும் நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். இரைப்பை அமிலத்தில் ரிஃபாம்பிசின் ஓரளவு சிதைந்துபோகிறது. ஐசோநியாசிட் உடன் இருந்தால் சிதைவு இன்னும் கூடுகிறது. இரத்தத்தில் கலந்ததும் சில மணி நேரத்திலேயே வெளியேறத் தொடங்குகிறது. நுரையீரலில் உள்ள கிருமிக்கு வேண்டிய அளவு கிடைக்க உடல் முழுவதையும் மருந்தால் நிரப்ப வேண்டியிருக்கிறது. அதனால் கல்லீரல் பாதிப்பு, குமட்டல், நரம்பு எரிச்சல் எல்லாம் வருகின்றன. இருமல் நின்று, பசியெடுத்து, வேலைக்கும் போகத் தொடங்கியவர் மூன்றாம் மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவது இதனால்தான். அதில் அவரைக் குறை சொல்ல இடமில்லை. விட்டுவிட்டுச் சாப்பிடும் மருந்துக்குத் தப்பிய கிருமிகள் மருந்தை எதிர்க்கும் கிருமிகளாகத் தேர்ந்து பெருகுகின்றன. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளியை சானடோரியத்தில் வைத்தாலும் வீட்டில் வைத்தாலும் மருந்து ஒரே போலக் குணமளிக்கிறது என்பதை 1959இல் உலகுக்குக் காட்டியது. அந்த ஆய்வுதான் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து நோயாளிகளை விடுவித்தது. வீட்டிலிருப்பவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்ற கேள்வியும் அப்போதிருந்தே கூடவே வந்தது. நேரில் கண்காணித்து மருந்து கொடுக்கும் ஏற்பாடு அதற்கான ஒரு பதில். ஒவ்வொரு நாளும் கொடுக்கத் தேவையில்லாத மருந்து இன்னொரு பதில்.

அந்த இரண்டாவது பதிலைத் தேடியவர்களில் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜி.கே. குல்லரும் அவருடைய குழுவும் முன்னோடிகள். அவர்கள் எடுத்துக்கொண்டது பி.எல்.ஜி. என்ற பாலிமர். லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் சேர்ந்தது இது. உடலுக்குள் மெல்லக் கரைந்து மீண்டும் அந்த அமிலங்களாகவே மாறிவிடும். அறுவை சிகிச்சையில் தானே கரையும் தையல் நூல் செய்ய நெடுங்காலமாகப் பயன்படுவது. மருந்தைத் தண்ணீரிலும் பாலிமரை ஒரு கரிமக் கரைப்பானிலும் கரைத்து, இரண்டையும் ஒலி அதிர்வால் அடித்துக் கலக்க வேண்டும். பால் போன்ற குழம்பாகும் அதை மறுபடியும் வேறொரு நீர்க்கரைசலில் கலந்து அடித்து, பல மணி நேரம் கிளறிக்கொண்டே இருந்தால் கரைப்பான் ஆவியாகி, மருந்தை உள்ளடக்கிய பாலிமர் உருண்டைகள் எஞ்சும். அவற்றைக் கழுவி, உறையவைத்து உலர்த்தினால் பொடி கிடைக்கும். 2003இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகள் பலரை நிமிர்ந்து உட்கார வைத்தன. வாய்வழியே ஒரே முறை கொடுத்த நானோ மருந்து எலிகளின் இரத்தத்தில், மருந்தைப் பொறுத்து, 4 முதல் 9 நாட்கள்வரை நீடித்தது. 10 நாளுக்கு ஒருமுறை வீதம் 5 முறை கொடுத்ததில், நோயுற்ற எலிகளின் உறுப்புகளில் வளர்க்கக்கூடிய கிருமி தென்படவில்லை. கினிப் பன்றிகளுக்கு நெபுலைசர் வழியே மூச்சில் கொடுத்த 5 வேளை மருந்து, வாய்வழியே நாள்தோறும் கொடுத்த 46 வேளை மருந்துக்கு ஈடாக நின்றது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஹல்டா ஸ்வாய் தலைமையில் ஒரு குழு இதே வகைப் பாலிமரில் காசநோய் மருந்துகளை அடைத்துப் பெருமளவில் தயாரிக்கும் முறையைத் தேடியது.

இந்தத் துகள்கள் ஏன் இவ்வளவு பொருந்துகின்றன என்பதற்கான விடை மீண்டும் மேக்ரோஃபேஜிலேயே இருக்கிறது. கிருமியை விழுங்கிய அதே பழக்கத்தால் அது மருந்துத் துகளையும் விழுங்குகிறது. கிருமி எந்த வாசல் வழியாக உள்ளே போனதோ அதே வாசல் வழியாக மருந்தும் போகிறது. துகளின்மேல் மன்னோஸ் என்ற சர்க்கரையைப் பூசினால், அதைப் பற்றும் ஏற்பிகள் மேக்ரோஃபேஜின் மேற்பரப்பில் நிறைய இருப்பதால், விழுங்கும் வேகம் இன்னும் கூடுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹார்விட்ஸும் ஜெஃப்ரி ஜிங்க்கும் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். அவர்களின் சிலிக்கா துகளில் தேன்கூடு வடிவத் துளைகள் இருக்கும். துளைகளில் ஐசோநியாசிட்டை நிரப்பி, அமிலம் பட்டால் மட்டும் திறக்கும் மூலக்கூறு மூடியால் அடைத்தார்கள். இரத்தத்தில் மூடியிருக்கும் துளை, மேக்ரோஃபேஜுக்குள் அமிலம் மிகுந்த பகுதியை அடைந்ததும் திறந்து மருந்தை விடுகிறது. கிருமி ஒளிந்திருக்கும் செல்லைத் தவிர மற்ற இடங்களில் மருந்து வீணாகாமல் இருக்க இதைவிட நேரடியான வழி இருப்பதாகத் தெரியவில்லை.

மூச்சு வழியே கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நுரையீரலின் அடியாழக் காற்றுப்பைவரை போய்ப் படிய 1 முதல் 5 மைக்ரோமீட்டர் அளவுத் துகளே ஏற்றது. அதைவிடப் பெரியது தொண்டையிலேயே தங்கிவிடும். நானோ அளவுத் துகள்களில் பெரும்பங்கு உள்ளே போன மூச்சோடு திரும்பி வெளியே வந்துவிடும். ஆகவே நானோ துகள்களைப் பால் சர்க்கரை, மானிட்டால் போன்றவற்றோடு சேர்த்து மைக்ரோமீட்டர் அளவு உருண்டைகளாக உலர்த்துகிறார்கள். காற்றுப்பையின் ஈரத்தில் சர்க்கரை கரைந்ததும் நானோ துகள்கள் பிரிந்து தம் வேலையைத் தொடங்கும். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்திலும் மூச்சில் உள்ளிழுக்கும் காசநோய் மருந்துப் பொடி பற்றி நீண்ட காலமாக ஆய்வு நடந்திருக்கிறது. இந்த வழி மனிதரில் சாத்தியம் என்பதற்கு ஒரு சான்றும் கிடைத்துவிட்டது. அமிக்காசின் என்ற மருந்தைக் கொழுப்பு உறையாலான லிப்போசோமுக்குள் அடைத்து நெபுலைசரில் கொடுக்கும் தயாரிப்புக்கு 2018இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. அது காசநோய்க்கானது இல்லை; காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமியான மைக்கோபாக்டீரியம் ஏவியம் உண்டாக்கும் பிடிவாதமான நுரையீரல் நோய்க்கானது. நோயும் உறுப்பும் செல்லும் ஏறக்குறைய அதே வகை என்பதால் காசநோய் ஆய்வாளர்கள் அதை அக்கறையோடு பார்க்கிறார்கள்.

தடுப்பூசியிலும் நானோ தொழில்நுட்பம் புகுந்திருக்கிறது. 1921இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட பி.சி.ஜி. குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காக்கிறது. பெரியவர்களுக்கு அது போதாது என்பதை 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மிகப் பெரிய கள ஆய்வு காட்டியது. இப்போது அதிக எதிர்பார்ப்பைத் தூண்டியிருக்கும் எம்72 தடுப்பூசி, கிருமியின் இரண்டு புரதங்களை இணைத்து, லிப்போசோம் அடிப்படையிலான ஊக்கியோடு சேர்த்துச் செய்யப்பட்டது. கிருமி ஏற்கெனவே உடலில் உறங்கும் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், நோயாக வெளிப்படுவதை அது 3 ஆண்டுகளில் சுமார் 50 சதவீதம் தடுத்தது. அடுத்த கட்டப் பெரிய சோதனை 2024இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. கோவிட் தடுப்பூசியில் பயன்பட்ட கொழுப்பு நானோ துகளில் வைத்த எம்.ஆர்.என்.ஏ. வகைக் காசநோய்த் தடுப்பூசியும் மனிதச் சோதனையில் இருக்கிறது.

சண்டிகர் எலிகளில் 5 வேளையில் சாதித்தது 20 ஆண்டுகளுக்குப் பிறகும் மாத்திரைக்கு மாற்றாக மருத்துவமனைக்கு வராததற்குக் காரணங்கள் உண்டு. சாதாரண ஆய்வக எலியின் நுரையீரலில் மனிதருக்கு வருவது போன்ற, நடுவில் சீழ்கட்டிய பெரிய முடிச்சும் குழியும் உண்டாவதில்லை. அங்கே கிருமி பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே இருப்பதால் நானோ துகளுக்கு வேலை எளிது. மனிதரின் நுரையீரல் குழிகளில் செல்லுக்கு வெளியிலும் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும். அவற்றைத் துகள் எட்டுமா என்பது தனிக் கேள்வி. பி.எல்.ஜி. உடலில் கரைந்துவிடும். ஆனால் வெள்ளி, கார்பன் குழாய், காட்மியம் கலந்த ஒளிர்துகள் போன்றவை உடலில் தங்கினால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்தாக வேண்டும். நோயறிதலில் துகள் உடலுக்குள் போவதில்லை என்பதால் அந்தத் துறை வேகமாக முன்னேறிவிட்டது. பணமும் ஒரு தடை. ஐசோநியாசிட்டும் ரிஃபாம்பிசினும் காப்புரிமை முடிந்த மலிவான மருந்துகள். அவற்றை உண்பவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். இந்த மருந்துக்குப் புது உறை செய்யப் பெரும் முதலீடு போட நிறுவனங்கள் முன்வருவதில்லை. இந்த இடத்தில் அரசுகள்தான் முன்வர வேண்டும்.

பழைய மருந்தே ஆனாலும் நானோ வடிவில் வரும்போது அது உடலில் வேறு விதமாகப் பரவும் என்பதால் புது மருந்து போலவே மதிப்பிடப்படுகிறது. இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகள் 2019 அக்டோபரில் வெளியாயின. துகளின் அளவு, வடிவம், மேற்பரப்பு மின்னூட்டம், மருந்து வெளியேறும் வேகம், சேமிப்பில் நிலைத்தன்மை, உடலில் எங்கெங்கே சேர்கிறது, எப்போது வெளியேறுகிறது என்ற விவரங்களைத் தயாரிப்பாளர் தர வேண்டும். நாள்தோறும் மாத்திரை என்பதற்கு மாறாக, மாதம் ஒருமுறை ஊசி போட்டால் போதும் என்ற நிலையை எச்.ஐ.வி. சிகிச்சை ஏற்கெனவே அடைந்துவிட்டது. அதில் பயன்படும் கேபோடெக்ராவிர், மருந்தையே நானோ படிகங்களாக அரைத்துத் தசையில் போடும் ஊசி. காசநோயில் பெடாகுயிலின் என்ற மருந்தை அதுபோல நீண்ட நாள் நின்று வேலை செய்யும் ஊசியாக்கி எலிகளில் சோதித்திருக்கிறார்கள். நோயாக வெளிப்படாமல் உறங்கும் கிருமியை ஒன்றிரண்டு ஊசியில் ஒழிப்பது அதன் முதல் இலக்கு. உடலில் கிருமி குறைவாக இருக்கும் அந்நிலையில் ஒரே மருந்தால் எதிர்ப்பு உண்டாகும் ஆபத்தும் குறைவு.